தடைக்காலத்துத் தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான்தான். அப்பா படகில் காலம் தள்ளியவர். அண்ணன் இன்றைக்கும் விசைப்படகில் இருக்கிறார். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறேன். கப்பலை ஜன்னல் வழியாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஏறினால்தான் வம்பு. காசிமேட்டில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இதுவும் தெரியும். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆட்கள் என்னைப் பார்த்தால் போதும், "இன்னா மாமு, பஸ்ல ஜன்னல் சீட்டு கெட்ச்சிதா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவேன்.

அப்பேர்ப்பட்டவன் ராயபுரத்து வீட்டின் முன்னறையில் ஒரு கடலையே கொண்டுவந்து வைத்தான். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பாறைகள். பாறைமேல் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, பூ இல்லை, அது ஓர் உயிர். அதன் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி ஒன்று குடியிருந்தது. வேலை விட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவேன். எனக்குக் குமட்டாத கடல் அது ஒன்றுதான்.

இந்த மாதிரித் தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் பாக்கெட் உப்பு வாங்கி, சுத்தமான தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். நானும் முதலில் ஒரு பை வாங்கிவந்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"போட்டுக்காரன் வூட்ல உப்பு வாங்கி கடலு கலக்குவியா? எவனாவது கேட்டா இன்னாடா சொல்லுவ?"

பை அன்றே கடைக்குத் திரும்பிப் போனது. அதன்பிறகு அண்ணனே ஆழ்கடலில் வெள்ளைக் கேன்களில் தண்ணீர் மொண்டு, படகில் ஐஸுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவார். மீன் இறக்கிய களைப்போடு கேனைத் தோளில் தூக்கி வந்து வாசலில் இறக்கி, "உன் கடலு வந்துட்சி" என்பார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

தடைக்காலம் வந்தது. மீன்கள் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகளை எல்லாம் கட்டிப் போட்டுவிடுவார்கள். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். யாரிடமாவது தண்ணீர் மொண்டு வரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் "நீயே வாயேன் மாமு" என்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பு வாங்கலாம் என்றால், வேலையில்லாமல் இருக்கும் அண்ணன் தினமும் டீ குடிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கடைசியில் யாருக்கும் தெரியாமல் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு துறைமுகச் சுவருக்குப் பின்னால் போய், பாறைமேல் நின்று மொண்டு வந்தேன். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கரையோரத் தண்ணீரில் ஊர்க் கழிவு எவ்வளவு கரைந்திருக்கும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்கா தெரியாது? தெரியும். அன்றைக்குத் தெரியாதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

முதலில் கண்ணாடியில் பழுப்பாக ஒரு தூசி படிந்தது. துடைத்தேன். அப்புறம் மணலின்மேல் சிவப்பாக, கொழகொழவென்று ஒரு படலம். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். அதற்குள் பாறைகளில் பச்சைப் பாசி முளைத்துவிட்டது. தலைமயிர் மாதிரி நீளமாக, கொத்துக் கொத்தாக. பாறையைத் தூக்கி வாளியில் வைத்துப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். விளக்கு நேரத்தைக் குறைத்தேன். தீனியைக் குறைத்தேன். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி உள்ளே விட்டேன். அவையும் எவ்வளவுதான் தின்னும்? தேய்த்து முடித்ததும் தண்ணீரை மாற்ற வேண்டுமே என்று மறுபடி சுவருக்குப் பின்னால் போய் மொண்டு வருவேன். அடுத்த வாரம் பாசி இன்னும் தடித்திருக்கும்.

"மீன் வளக்குறீங்களா, புல்லு வளக்குறீங்களா?" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அவர்கள் போனதும் தொட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். வெளிச்சம் படாவிட்டால் பாசி சாகும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி வெட்கம்.

உப்புத் தொட்டிக்காரர்கள் தண்ணீரைச் சோதிக்க ஒரு மருந்து வைத்திருப்பார்கள். பாசிக்குத் தீனியாகிற சத்து எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நீலம் ஏறும். என் தொட்டித் தண்ணீர் கருநீலமாக நின்றது. ஏதோ தோன்றி, தொட்டியில் ஊற்றாமல் மீதி வைத்திருந்த கேன் தண்ணீரிலும் மருந்தை விட்டுப் பார்த்தேன். அதுவும் கருநீலம். பாசியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதற்கு நானே விருந்து வைத்திருக்கிறேன்.

அதற்குள் சாமந்தி சுருங்கிவிட்டது. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, நடுவில் வாய் தொங்கத் திறந்து கிடந்தது. அது செத்தால் அப்படியே கரைந்து தொட்டி முழுவதும் விஷமாகும். ஜோடி மீனும் தப்பாது. அவை இரண்டும் அதைவிட்டு நகராமல், சுருங்கிய உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது.

தினமும் பாசியைப் பார்த்தும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போன அண்ணன், அன்றைக்குப் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி எங்க எட்த்த?"

"சொவத்துக்குப் பின்னால."

"ஏன்டா எங்கைல சொல்லல?"

"வெக்கமா இருந்திச்சிண்ணே."

அவர் திட்டியிருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தோஸ்தோட ஃபைபர் போட்டு கீது. காலைல போலாம். நான் எஞ்சினு புட்ச்சிகினா மொள்றதுக்கு ஒரு ஆளு வேணும். நீ வா" என்றார்.

போனேன். கரை பார்வையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. படகோரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என் சட்டை, பலகை, அண்ணனின் லுங்கி, எல்லாவற்றின்மேலும் எடுத்துவிட்டேன். அவர் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். நீலத் தண்ணீருக்கு வந்து நிறுத்தினோம். அங்கேயும் எடுத்தேன். அண்ணன் படகைக் கொஞ்ச தூரம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார். என் வாந்தி கலக்காத தண்ணீர் வேண்டுமல்லவா? அங்கே அவரே குனிந்து எல்லாக் கேனையும் நிரப்பினார். நான் மூடியைக்கூடத் திருகவில்லை.

கரையில் வலை பின்னும் ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் முதலில் குதித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "எனுக்கு காலைல துன்ன நாஷ்டா ஒத்துக்கல மாமு. வாந்தி எட்த்து பேஜாரா பூட்சி. தம்பிதான் தண்ணி மொண்டான்."

அவர்கள் என் சட்டையைப் பார்த்தார்கள். நெஞ்சு முழுக்க நனைந்து நாறிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எப்போதும் ஜன்னல் சீட்டைக் கேட்கிற ஆள் எழுந்து வந்து, பேசாமல் என் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார். ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று இருந்தது எனக்கு. அவர்கள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சாமந்தி பிழைத்துக்கொண்டது. நல்ல தண்ணீர் போகப் போகப் பாசியும் வெளுத்து, நைந்து, கையோடு வந்தது. இப்போது வருகிறவர்கள் தொட்டிமுன் நின்று நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

அன்றைக்குக் கேன்களோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்து, "இன்னா மாமா ஆச்சு?" என்றாள். "எனுக்குதாம்மா. வயசாயிட்சில்ல" என்றார் அண்ணன். அவள் என் சட்டையைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே புளிப்பு ஆகாது. அவர் என் பக்கம் திரும்பாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். எனக்கு வயிறு இன்னும் புரண்டுகொண்டிருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடு என்று கேட்க முடியவில்லை.