அருமைநாயகி அக்காவின் லென்ஸ்

1989ஆம் ஆண்டு பங்குனி ஆறாந் திகதி, திங்கட்கிழமை, உடுப்பிட்டியிலிருந்து, அயல்வீட்டு அருமைநாயகி அக்காவும் நானும் கொழும்புக்கு பஸ் ஏறினோம். நான் அங்கிருந்து பிரான்சுக்குப் போக இருந்தேன். அவர் கண் காட்டப் போனார்.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இரண்டு வருடமாக ஒரு கிருமி மூன்றாகத் தெரிந்தது. நாலு முறை மூக்குக்கண்ணாடி மாற்றியும் சரிவரவில்லை. தை மாதம், கிருமி இருந்த ஒரு பிள்ளையின் இரத்தத்துக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டார். மறுநாள் வேறொருவர் பார்த்துக் கண்டுபிடித்தார். “சித்திரைக்குள்ளை கண் சரிவராட்டில் கந்தோரிலை கணக்கெழுதிற மேசைக்கு மாத்தவேண்டி வரும்” என்றார் மேலதிகாரி. அந்த மேசையை நினைத்தே அக்கா பஸ்சில் ஒன்றும் சாப்பிடவில்லை.

வெள்ளவத்தையில் டொக்டர் நாகலிங்கம் கண்ணைப் பார்த்துவிட்டு, “கருவிழி கூம்பிப் போய் நிக்குது பிள்ளை. மூக்குக்கண்ணாடி உதவாது. கருவிழிக்கு மேலை லென்ஸ் வைக்கவேணும்” என்றார்.

முதலில் மென்மையான லென்ஸை வைத்தார். “வைச்சதே தெரியேல்லை, டொக்டர்” என்று அக்கா சிரித்தார். சுவரிலிருந்த எழுத்தும் தெரியவில்லை. ஈரத்துணி போல அது கருவிழியின் கூம்பிலேயே படிந்துவிட்டது. பிறகு கடினமான லென்ஸ். கண்ணீர் வடிய வடிய, கீழிருந்து இரண்டாவது வரியை வாசித்தார். டொக்டர் மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் அது எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, மாற்றி மாற்றி வைத்து, நாலாவதைத் தெரிந்தெடுத்தார்.

“ஒரு கிழமை போட்டுப் பாருங்கோ. கண் ஏற்றால்தான் தருவன்.”

ஒவ்வொரு காலையும் கண் சிவந்து எரிந்தது. ஏழாம் நாள் டொக்டர் தலையாட்டினார். “உங்கடை கண் ஏற்குதில்லை.” லென்ஸைக் கழற்றி விளக்கில் பிடித்தவர், “உதென்ன, சாம்பலோ?” என்றார்.

திருநீறு. குளித்து, லென்ஸ் வைத்து, பிறகுதான் அக்கா நெற்றி நிறையப் பூசுவார். தூள் கண்ணுக்குள் உதிர்ந்திருக்கிறது.

“தண்ணியிலை குழைச்சுப் பூசுங்கோவன்.”

“தீட்சை எடுக்காத ஆக்கள் குழைச்சுப் பூசக்கூடாது, டொக்டர்.”

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

“ஊருக்குப் போனதும் எடுக்கிறன்” என்றார் அக்கா. “அதுமட்டும் சந்தனப் பொட்டோடை சமாளிப்பன்.”

நாலு நாளில் கண்ணின் சிவப்பு மாறியது. டொக்டர் இரண்டு கண்ணுக்கும் லென்ஸ் கொடுத்தார்.

“லென்ஸுக்காகத் தீட்சை எடுக்கிற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா.”

“குருக்களிட்டைச் சொல்லிப்போடாதை. உன்ரை வாய் சும்மா கிடவாது.”

மறுநாள் நான் விமானம் ஏறினேன். பிறகு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் ஊர் ஊராய் அலைந்தேன். அக்கா எழுதிய ஒரு கடிதம் என் பழைய விலாசங்கள் மூன்றைச் சுற்றி, 1994 ஐப்பசியில்தான் கைக்கு வந்தது. எழுதி ஒரு வருடமாகியிருந்தது.

“தங்கச்சி, இடக்கண் லென்ஸ் கிணத்தடியிலை விழுந்து உடைஞ்சு போச்சு. சண்டையாலை கொழும்புக்குப் போக வழியில்லை. மேலதிகாரி திரும்பவும் மேசைக் கதை எடுத்தார். நுணுக்குக்காட்டிக்கு ஒரு கண் காணும் எண்டு சொன்னன். கரண்ட் இல்லை, வெயிலைக் கண்ணாடியிலை பிடிச்சுத்தான் பார்க்கிறம். இண்டைக்கு நாப்பத்தொரு பேர். அதிலை நாலு பேருக்குக் கிருமி. வேறை ஆளைக் கொண்டும் பார்ப்பிச்சவை. அவர் கண்டதும் நாலுதான்.”