நான் உயர்த்தாத கை

நாங்கள் வேலை செய்தது, கார் கதவுகளுக்கான இரும்புத் துண்டுகளை அச்சில் அடிக்கிற தொழிற்சாலை. அடித்ததில் பெரும்பகுதி கனடா எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போகும். எங்கள் வீட்டுக் காரை மனைவி வேலைக்குக் கொண்டுபோவதால், விடிய ஐந்தரைக்கு மில்லிக்கனில் என் வாசலில், கூட வேலை செய்கிற அண்ணையின் கார் ஹோர்ன் கேட்கும். எனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

வழி முழுக்க நான்தான் பேசுவேன். அமெரிக்கா போட்ட புதிய இறக்குமதி வரிச் செய்தி வந்த நாளிலிருந்து, நூலகத்தில் வாசித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வருமான வரி நிலைப்பதற்கு முன் அமெரிக்க அரசாங்கம் பெரும்பாலும் சுங்க வரியில்தான் பிழைத்தது. பெருமந்தக் காலத்தில் தங்கள் ஆட்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்கள் வரியை ஏற்ற, கனடாவும் பதிலுக்கு ஏற்ற, இரண்டு பக்கமும் வியாபாரம் படுத்துவிட்டது.

"உவங்கள் காலமை ஏத்திறாங்கள், பின்னேரம் இறக்கிறாங்கள். என்ரை மாமி பரவாயில்லை, தம்பி," என்றார் அண்ணை. ஆட்கள் சொல்வதைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம், அதையும் சேர்த்துக்கொண்டேன். "அது சரி, அந்தப் பழைய வரியைப் பிறகு என்னெண்டு குறைச்சவங்கள்?"

"அது பெரிய கதை அண்ணை. திங்கக்கிழமை சொல்லுறன்."

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டறையில், மைக்ரோவேவுக்கு மேலே, எல்லோர் பெயரும் சேவைக்கால வரிசையில் உள்ள பட்டியல் ஒட்டினார்கள். ஓர்டர் குறைந்துவிட்டது; சேவைக்காலம் குறைந்தவர்களை அன்றோடு நிறுத்துகிறார்கள். தன் மனைவியின் நோய்க்காக வேலையை விட்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் அண்ணை. அவருடைய பழைய சேவை எதுவும் செல்லாது. நிறுத்தியவர்களில் முதல் பெயர் அவருடையது. அதற்கு நேர் மேலே, தப்பிய பெயர் என்னுடையது.

யாராவது தானாக விலகினால் நிறுத்தியவர்களில் முதல் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார் மேற்பார்வையாளர். எனக்கு நாற்பத்தாறு வயது, மனைவிக்கு நல்ல வேலை. அண்ணைக்கு ஐம்பத்தொன்பது. என் கை சாப்பாட்டுப் பெட்டியின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது. வெட்கமோ பயமோ ஒன்றும் தோன்றவில்லை. மைக்ரோவேவ் சத்தம் போட்டது. யாரோ சோற்றை வெளியே எடுத்தார்கள்.

"இந்த வயசிலை ஆர் என்னை எடுக்கப்போகினம்?" அண்ணை அதை மட்டும்தான் சொன்னார்.

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்கு ஹோர்ன் கேட்டது.

"நீங்கள் ஏனண்ணை வந்தனீங்கள்?"

"பஸ்ஸிலை எண்டால் உனக்கு ரண்டு மணித்தியாலம். எனக்கும் நித்திரை வரேல்லை. ஏறு."

ஸ்டீல்ஸ் தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றோம்.

"அந்த வரிக் கதையின்ரை மிச்சத்தைச் சொல்லன்," என்றார்.

எனக்கு முழுக்கத் தெரிந்த கதை. விளக்கு பச்சையானது. தொழிற்சாலை வாசல் வரைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.