சாம்பார்பொடிக்குப் பின்னால்

கோவில்பட்டி மாவுமில்லில் அந்த மனிதர் தன் முறை வரும்போதெல்லாம் தூக்குவாளியோடு பின்னால் போய் நின்றுகொண்டார். மழிக்காத முகம். சட்டைப் பொத்தான்களை மாற்றி மாட்டியிருந்தார். வாளியில் வறுத்த மிளகாயும் மல்லியும். யூடியூப் பார்த்து மீன் மசாலாவுக்கு வறுத்து எடுத்துப் போயிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுதும் மீன் மசாலாதானே அண்ணாச்சி? போடலியா?"

"சாம்பார்பொடி அரைக்க யாராச்சும் வரட்டும் தம்பி. எம் பொஞ்சாதி, பக்கத்து வீட்டு அக்கா சாம்பார்பொடி அரைச்ச பொறவுதான் இதை அரைப்பா. மெஷின்ல ஒட்டுனது இதுலயும் சேரும்லா. அவ தவறுனதுலருந்து நானும் அதே அளவுதான் போடுதேன். எம் மக ஒரு வாய் வச்சுட்டு எந்திரிச்சிருதா."

"ஒரு கரண்டி சாம்பார்பொடியைக் கலந்துருங்களேன்!"

"அதும் பாத்தாச்சு."

கடைசியில் ஒரு அம்மா வந்து சாம்பார்பொடி அரைத்தார். இவர் வேகமாக முன்னால் போனார். அதற்குள் மில்காரர் பிரஷ்ஷை எடுத்து மெஷினைச் சுத்தமாகத் தட்டிவிட்டார்.

"உங்களுக்காவத்தான் அண்ணாச்சி. மீன் மசாலாவுல வேற வாடை வரப்பிடாதுல்லா," என்று சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நல்லது," என்று சொல்லி வாளியை மெஷினில் கவிழ்த்துவிட்டார்.

இன்னொரு சாம்பார்பொடி வரும்வரை நின்றிருக்கலாமே, ஏன் கொட்டினார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.