பிலோமினா தட்டிய வரி

பிலோமினாவின் வேலை போனது என் தவறால். அவள் மீது எந்தத் தவறும் இல்லை. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு; அங்கே யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு நான் பொறுப்பு. குளிர்பெட்டி உள்ளே வந்ததும், இரண்டு கேட்டில் எதுவானாலும் அங்கே இருப்பவர் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டுவார்; இரண்டாவது கேட்டில் பிலோமினா. ‘கேட்’ என்ற ஃபைல் பெயருக்கு அது போகும். அந்தப் பெயரில் நான் ஒரு ஸ்ட்ரீமை, தகவல் ஓடும் ஒரு குழாய் மாதிரி, மாட்டியிருந்தேன். வரி அதன் வழியே போய் எலக்ட்ரீஷியன்களின் திரையில் விழும். அவர்கள் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பார்கள்.

ஒரு மதியம், எதையோ சோதிப்பதற்காகப் பெயரை ஸ்ட்ரீமிலிருந்து கழற்றினேன். இரண்டு கேட்டுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை... வெயிலில் நடக்கச் சோம்பல், வேறென்ன? கழற்றிய பிறகும் முதல் கேட்டின் வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றும் அறுபடவில்லை என்று சாப்பிடப் போய்விட்டேன்.

முட்டாள்! ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவருக்கு ஸ்ட்ரீம் அறுபடாது. புதிதாகத் திறப்பவருக்குத்தான், அந்தப் பெயருக்கு அடியில் கிடக்கும் வெறும் ஃபைல் கிடைக்கும். பிலோமினாவின் கேட்டில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, இறால் பெட்டி வந்ததைத் தட்டினாள். யாரும் பார்க்காத அந்த ஃபைலில் அது போய் விழுந்தது. அன்று அவள் கேட்டில் வந்த குளிர்பெட்டி அது ஒன்றுதான்; மாலையில் நான் பெயரை மறுபடி மாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெட்டி நாறியது. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“நான் தட்னேன் சார். கம்ப்யூட்டரு வாங்கிக்கிச்சி. தப்புன்னு ஒண்ணுமே காட்டல” என்றாள் பிலோமினா.

அதற்குள் நான் அடியிலிருந்த ஃபைலைத் திறந்து, அவள் வரியைப் படித்து, அழித்தும் விட்டிருந்தேன். “ஸ்கிரீனுக்கு எதுவும் வரலை சார்” என்றேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு... அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. அதுவும் எனக்குத் தெரியும்.

சில வருடங்கள் கழித்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“சார், அன்னிக்கி நான் நெஜமாவே தட்னேனா? மறந்துட்டு பொய் சொல்றேன்னு வூட்ல அவரு இன்னும் சொல்லிகினே கீறாரு. இப்ப எனக்கே டவுட்டா கீது.”

ஒரே ஒரு சொல் போதும். தட்டினாய் என்று சொன்னால் போதும். ஏன் வாய் வரவில்லை? அவள் என்னை என்ன செய்துவிடப் போகிறாள்?

“மறந்திருப்பே... விடும்மா” என்றேன்.

“அப்டித்தான் சார் இருக்கும்” என்று தலையாட்டினாள். ராயபுரத்தில் இறங்கும்போது, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.