ஞாயிற்றுக்கிழமையைச் செவ்வாய் என்று சொன்ன கம்ப்யூட்டர்

அந்த சிபியுவை ஆன் செய்தால் மாவு மில்லுக்குள் நிற்பது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் சூடான தூசி வாசனை வேறு. அன்றைக்கு அதோடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கியின் கைக்கட்டிலிருந்து டிஞ்சர் வாசனை... இப்போதும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

2009 என்று நினைக்கிறேன். பென்னலூரில் ஏழுமலை அண்ணன் வீட்டு மாடி ரூமில் நானும் இசக்கியும் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் அம்பாசமுத்திரம் பக்கம்தான் ஊர். அவனுக்கு ஒரகடத்தில் தகடு வெட்டும் கம்பெனி. எனக்கு செல்போன் பாகங்கள் பூட்டும் லைன். அந்த வாரம் தகடு விளிம்பு கீறி அவன் இடது கையில் தையல் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் ஊருக்குப் போன எவனோ ஒருத்தன், இசக்கிக்குக் கையே போய்விட்டது என்று அவன் அம்மாவிடம் பற்ற வைத்துவிட்டான்.

போனில் எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் 'சின்னக் காயம்' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு ஊர் வந்து இறங்கினார்.

"கண்ணால பாத்தாத்தாம்ல நம்புவேன். ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியலன்னா, ராத்திரியே பஸ் ஏறி வந்து ஒன்னைய கையோட கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கோ."

வந்தால் சொன்னபடி செய்வார். பெர்மனென்ட் ஆக்கும் லிஸ்ட் போடப் போகிற நேரம் அது. ஊருக்குப் போனால் இசக்கியின் பெயர் அதில் இருக்காது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வெப்கேமரா, கீழே ஏழுமலை அண்ணன் வீட்டில் இருந்தது. மகனுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அவன் ஹாஸ்டலுக்குப் போனபின் பெரும்பாலும் பூப்போட்ட துணி போர்த்திக் கிடந்தது. லைனில் பார்கோடு ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டர் முன்னால் நான் நிற்பதால், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நானே வைத்தியன் என்று ஊர் நம்பியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

மெசஞ்சரில் பாஸ்வேர்டு போட்டேன். சுற்றியது... சுற்றியது... முடியாது என்றது.

அதற்குள் ஊரிலிருந்து பிரௌசிங் சென்டர்காரர் போன். அங்கே அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"ஃபயர்வால்தான்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. அந்தக் காவலை ஆஃப் செய்தேன். உடனே கீழே சிவப்புக் கேடயம் ஒன்று முளைத்து, கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்று அலறியது. மெசஞ்சர் அசையவில்லை. செக்யூரிட்டி அப்டேட் போட்டுப் பார்த்தேன். ஃபெயில். ரீஸ்டார்ட். மறுபடி மாவு மில். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

"இன்னாபா, இன்னா ஆச்சு? வைரஸ் கிரஸ் பூந்துடப் போவுது" என்று ஏழுமலை அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

மறுபடி போன். இசக்கி எடுத்தான். வைத்துவிட்டுச் சொன்னான்:

"அம்ம அழுதுட்டுக் கெடக்காளாம்ல. கை இல்லாததனாலதான் காட்ட மாட்டுக்கான்னு சொல்லுதாளாம்."

மணி என்ன ஆயிற்று என்று பார்க்க மானிட்டர் மூலையில் அம்புக்குறியை வைத்தேன். கிழமையும் சேர்ந்து தெரிந்தது. செவ்வாய்.

ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது. ஆனால் ஞாயிறு தப்பாது. எங்களுக்கு அன்றைக்கு மட்டும்தான் லீவு. அண்ணன் வீட்டு அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும்போது செவ்வாய்க்கிழமை எப்படி வரும்? வருஷத்தைப் பார்த்தேன். போன வருஷம்!

"அண்ணே, தேதி தப்பா இருக்கே?"

அவருக்கு ஒரே பெருமை. "தப்பு இல்லபா, நாந்தான் வச்சிகீறேன். இந்த ஆன்டிவைரஸ் ஒரு மாசந்தான் ஃப்ரீயாம். முடியறப்பல்லாம் தேதிய பின்னால தள்ளி வுட்டுட்டா அதுக்கு இன்னா தெரியும்? ஒரு வருஷமா ஓசியிலயே ஓடிகினு கீது!"

ஆன்டிவைரஸ் ஏமாந்தது சரி. ஆனால் போன வருஷத்திலேயே உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரை மெசஞ்சர் நம்பவில்லை, அப்டேட்டும் நம்பவில்லை. நான் பாட்டுக்கு ஃபயர்வாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தேதியைச் சரிசெய்தால் ஆன்டிவைரஸ் செத்துவிடும் என்றேன். அண்ணன் முகம் சுருங்கியது. மகனுடைய காலேஜ் வேலை, அக்கா மகள் கல்யாண போட்டோ, எல்லாமே அதற்குள்தான். கொஞ்ச நேரம் சிவப்புக் கேடயத்தைப் பார்த்தார். பிறகு இசக்கியைப் பார்த்தார்.

"போனா போவட்டும்பா. பெத்தவ அழுவுதுல்ல... மாத்து."

மாற்றினேன். காலாவதி, காலாவதி என்று பெட்டி பெட்டியாக வந்து நின்றது. மெசஞ்சர் திறந்தது.

அம்மா தெரிந்தார். கட்டம் கட்டமாக... முகத்தைக் கேமராவுக்குள்ளேயே நுழைத்துக்கொண்டு.

"ஏல, கைய காட்டு."

வலது கையைக் காட்டினான்.

"அந்தக் கைய ஆரு கேட்டா? கட்டுப் போட்ட கைய காட்டு. வெரல மடக்கி விரி."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினான். சரியாக அப்போது அந்தப் பக்கம் படம் நின்றுவிட்டது போல. ஸ்பீக்கர் அதிர ஓர் அலறல்.

"ஐயோ, ஒத்த வெரலக் காணுமே! பொய் சொல்லிட்டியேல!"

"இருக்கும்மா, இருக்கு!" என்று இசக்கி கையை வேகமாக ஆட்டினான். ஆட்ட ஆட்டப் படம் இன்னும் குழம்பியிருக்கும். "அசைக்காதல" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். "வல்லக்கோட்ட முருகா" என்று பின்னால் அண்ணன் குரல்.

அங்கே மெதுவாக எண்ணுவது கேட்டது. ஒண்ணு... ரெண்டு... ஐந்து வந்ததும் ஒரு கேவல்.

"சரி. சாப்டியால?"

அம்மா பஸ் ஏறவில்லை. இசக்கி பெர்மனென்ட் ஆனான். இப்போது மணிமங்கலத்தில் சொந்த வீடு.

இன்றைக்கு செல்போன் தானே அப்டேட் செய்துகொள்கிறது, தானே தேதி வைத்துக்கொள்கிறது. ஃபயர்வாலைப் பற்றி யாரும் என்னைக் கேட்பதில்லை. அம்மா வீடியோ காலில் வந்தால் முதல் வார்த்தை மட்டும் மாறவில்லை. "கைய காட்டு." நான் பக்கத்தில் இருந்தால் எனக்கும் சேர்த்துத்தான்.

படம் பளிச்சென்று இருக்கிறது, எங்கேயும் நிற்பதில்லை. ஆனாலும் அவர் எண்ணி முடித்து "சரி" என்று சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் கையை அசைப்பதில்லை.