சுவரோரப் பட்டை

தக்கைப் பலகையைச் சாப்பாட்டு மேஜையில் நிறுத்தி, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுகிறார் தெரசா. நகத்தால் கீறுகிறார். முகர்ந்தும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் பேனா மூடி திறக்கும்.

மாதிரித் துண்டு கைக்கு வராமல் ஒரு சொல்லைக்கூட மொழிபெயர்க்க மாட்டார். "பிள்ளையக் கண்ணால பாக்காம பேரு வைக்கச் சொல்லுதீயளே, நல்லாருக்கே!" பாளையங்கோட்டைப் பேச்சு, தில்லியாலும் இத்தாலியாலும் அதைத் தேய்க்க முடியவில்லை. தில்லி மோதி பாக் வீட்டில் மேஜை முழுக்கப் பலகையும் பஞ்சும்தான். கணவர் கிளமெண்ட் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்.

இத்தாலியின் பெர்கமோவில் பதினோரு ஆண்டு நர்ஸ், எலும்பு முறிவு வார்டில். சாரத்திலிருந்து விழுந்து கட்டுப் போட்டுக் கிடந்த கொத்தனார்கள்தாம் அவருக்கு இத்தாலியன் வாத்தியார்கள். இன்று அங்கிருந்து ஒலித்தடுப்புப் பொருட்களை இறக்குமதி செய்யும் ஹரிஷங்கருக்காக, அவற்றைப் பொருத்தும் முறையைப் பொறியாளருக்கு ஆங்கிலத்திலும் தளத்தில் வேலை செய்யும் மிஸ்திரிக்கு இந்தியிலும் எழுதித் தருகிறார். முன்பு எழுதியவர் 'லானா தி ரோச்சா'வை வெறும் கம்பளி என்று முடித்துவிட, கோடவுன்காரர் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்தாராம். அது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. "எந்தப் பூச்சிய்யா கல்லத் திங்கும்?"

தெரசாவுக்கு ஒரே ஆசை: தான் எழுதித் தரும் அந்தக் கையேட்டில் தன் பெயர். "ரோஹிணி நர்சிங் ஹோம் சவுண்ட் டெஸ்ட்ல பாஸ் ஆகட்டும் ஆன்ட்டி, பக்கா போட்டுடலாம்," என்றார் ஹரிஷங்கர். அங்கே மேலே உடற்பயிற்சிக் கூடம், நேர் கீழே பச்சைக் குழந்தைகள் வார்டு; மேலே போடும் சத்தம் கீழே இறங்கக் கூடாது.

டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு தெரசா கட்டடத்துக்கே போய்விட்டார். மேல்தளத்தில் தரைக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரு நுரைப் பட்டை நிற்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிக் காய்ந்த பிறகே, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை அறுக்கலாம். கையேட்டில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். கொண்டை ஊசியைக் கழற்றி ஓரமெங்கும் குத்திக்கொண்டே போனார். மூன்று பக்கம் மெத்தென்று இறங்கியது. நான்காவது பக்கம் இடித்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மிஸ்திரி முன்னதாகவே அறுத்துவிட, இடுக்கில் சிமென்ட் இறங்கிக் கல்லாகியிருந்தது.

"ஒரு சைட்தானே ஆன்ட்டி? டைமே இல்ல," என்றார் கூட வந்த ஹரிஷங்கர்.

"ஒரு பக்கம் ஒட்டினாப் போதும், மேல போடுத சத்தம் பூரா சுவரு வழியா இறங்கிரும். பச்சப் பிள்ளைக தூங்க வேண்டாமா? உடைக்கச் சொல்லுங்க."

"மேடம்ஜி எழுதினால் போதாதா, ஊசியோடு வேறு வர வேண்டுமா?" என்று இந்தியில் முணுமுணுத்தபடி, மிஸ்திரி அந்த டைல்ஸ் வரிசையைப் பெயர்த்து, புதுப் பட்டை வைத்து மறுபடி ஒட்டினார்.

டெஸ்ட் நாள். ஐந்து சுத்தியல்களால் தரையை அடிக்கும் இயந்திரம் மேலே. ஒலியை அளக்கும் கருவியோடு எல்லோரும் கீழே. காத்திருந்தும் மேலிருந்து சத்தமே வராமல் பொறுமையிழந்த ஹரிஷங்கர் ஸ்பீக்கரில் மிஸ்திரியை அழைத்தார். "ஜல்தி பையா! மெஷின ஆன் பண்ணு!"

போனுக்குள்ளிருந்து கடகடவென்று இரைச்சல் கொட்டியது. அதற்கு நடுவே மிஸ்திரி கத்தினார்: ஐந்து நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

ஹரிஷங்கர் கருவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு கையேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, "பேர் எப்படிப் போடணும், ஆன்ட்டி?" என்று நீட்டினார்.

தெரசா கை நீட்டி, முதலில் இன்னும் இரைந்துகொண்டிருந்த போனை அணைத்தார். பிறகு பேனா மூடியைத் திறந்தார்.