பந்தை மறைத்துப் பார்த்தவர்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பாரிசின் லா சப்பலில் மூன்று சாப்பாட்டுக்கடை போட்டவன். ஒருத்தன் கோப்பை கழுவுகிற விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடுவேன்.

நரைத் தாடிக்காரர் ஒருவர் தினமும் காலையில் என் கடைக்கு வந்து, தேத்தண்ணி ஆறும்வரை மடிக்கணினியில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பார். வரிசையின் ஓரத்திலிருந்து எதிரணியின் பந்தெறிபவன்மேல் பாய்கிற கல்லூரி ஆட்டக்காரரை அளந்து, அங்குள்ள தொழில்முறை அணியொன்றுக்கு எழுதி அனுப்புவதுதான் அவர் வேலை. திரையில் பந்தைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வார். பந்தைப் பார்த்தால் ஆள் தெரியாதாம்.

ஒருநாள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"இவன் புலியெல்லோ!" என்றேன்.

"ஓம் அண்ணை. ஆனா விழுந்தா இடது கையை ஊண்டி எழும்புறானில்லை. தோள் நோவை ஒளிக்கிறான். எழுதினா ஒருத்தரும் எடுக்கமாட்டினம். நீங்களெண்டா எடுப்பீங்களோ?"

"நோவை ஒளிக்கிறவனையோ? என்ரை குசினிக்குள்ளை கால் வைக்க விடமாட்டன்!"

 அவர் தோள் நோவையும் எழுதி அனுப்பிவிட்டு எழுந்து போனார்.

அவருடைய கோப்பையை எடுக்கக் குனிந்தபோது முதுகு பிடித்தது. பாரிசில் முதல் வேலைக்குப் போன அன்று, முதலாளி நோவை அறியாதபடி அதே முதுகில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றவன் நான்.

அவர் பிறகு வரவில்லை. நான் குனிகிற விதத்தை அவர் முன்பே அளந்திருப்பார். கடை நிறைய ஆட்கள் இருந்தும், அவர் என்னைத்தானே கேட்டார்.